கிளஸ்டர் சர்வர்களுக்கு இடையே தனி நெட்வொர்க்: நேர் கேபிளா, தனி ஸ்விட்ச்சா, விலேனா?

கிளஸ்டர் என்பது பல சர்வர்கள் சேர்ந்து ஒரே சேவையை ஓட்டும் கூட்டு; அதிலுள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள, பொது நெட்வொர்க் போக ஒரு தனி வழி வேண்டும். பொது நெட்வொர்க் கேபிளை எங்கே செருகுவது என்று யாரும் கேட்பதில்லை. கேள்வி எப்போதும் சர்வரின் முதுகில் மிச்சமிருக்கும் இரண்டு போர்ட்டைப் பற்றித்தான். "நோடு இரண்டுதானே, ஒரு கேபிளை நேராகப் போட்டால் போதாதா?" என்பது ஒரு தரப்பு. "ஸ்விட்ச் இல்லாமல் கிளஸ்டரா?" என்பது இன்னொரு தரப்பு. "இருக்கிற ஸ்விட்ச்சில் ஒரு விலேன் பிரித்துக் கொடுங்கள், எதற்குத் தனிப் பெட்டி?" என்பது பட்ஜெட் பார்ப்பவரின் குரல் (விலேன், VLAN, என்பது ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்). மூன்றும் பொருந்துகிற இடம் உண்டு. மூன்றும் நடுராத்திரியில் ஆளை எழுப்புகிற இடமும் உண்டு.

பலரும் இதை வேகக் கணக்காகத் தொடங்குகிறார்கள்: 1 ஜிகாபிட்டா, 10ஆ, 25ஆ என்று. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்த வழி அறுந்தால் உயிரோடு இருக்கும் நோடுக்கு என்ன தெரியும் என்பது. எதிர்ப்பக்கம் செத்துவிட்டதா, நடுவழி செத்துவிட்டதா, தன் கார்டே செத்துவிட்டதா? இதைப் பிரித்தறிய முடியாத நோடு ஒன்று பயந்து தானே நின்றுவிடும், அல்லது துணிந்து தரவைக் கெடுத்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

பழுது எப்படித் தெரியும். மேலே சொன்னதுதான். மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்.

இந்த வழியில் என்ன ஓடப்போகிறது. வெறும் ஹார்ட்பீட் ("நான் உயிரோடு இருக்கிறேன்" என்று நோடுகள் விடாமல் அனுப்பும் சிறு செய்தி) என்றால் 1 ஜிகாபிட்டே தாராளம். அதற்கு வேண்டியது அகலம் அல்ல, சீரான தாமதம். ஆரக்கிள் ஆர்ஏசியின் (பல சர்வரில் ஓடும் ஆரக்கிள் டேட்டாபேஸ், RAC) கேச் பரிமாற்றம், டிஆர்பிடி (DRBD) செய்யும் வட்டு நகலெடுப்பு, செஃப் (பல சர்வரில் பரவிய சேமிப்பு, Ceph) மறுசீரமைப்பு இவை ஓடினால் அகலமும் வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் ஓட்டினால், தரவு நெரிசலில் ஹார்ட்பீட் மூச்சுத் திணறும். எந்த நோடு உயிரோடு இருக்கிறது என்று பார்க்கும் கிளஸ்டர் மென்பொருளான கோரோசிங்க்கில், 3.1 பதிப்பு முதல் டோக்கனுக்கான (நோடுகளுக்குள் சுற்றிவரும் செய்தி) இயல்பான காத்திருப்பு 3 விநாடி; அதற்கு முந்தைய பதிப்புகளில் 1 விநாடிதான். நெரிசலில் அந்த ஒரு விநாடியைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை.

நோடு எண்ணிக்கை, இன்றும் நாளையும். நேர் கேபிள் என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கேபிள். 3 நோடுக்கு 3, 4 நோடுக்கு 6, 5 நோடுக்கு 10.

மென்பொருள் ஏற்குமா. ஆர்ஏசிக்கு அடியில் ஓடும் ஆரக்கிள் கிளஸ்டர்வேர் தனிவழிக்கு நேர் கேபிளை ஆதரிப்பதில்லை. நடுவில் ஸ்விட்ச் வேண்டும் என்று அதன் ஆவணங்களே சொல்கின்றன. ஆர்ஏசி போடுபவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகலாம்.

யார் கையில் இருக்கிறது. ஸ்விட்ச்சை வேறொரு குழு பராமரித்தால், அவர்களுடைய மாற்றங்கள் எல்லாம் உங்கள் கிளஸ்டரின் மாற்றங்கள்தான். இதை விலைப்பட்டியலில் யாரும் எழுதுவதில்லை.

## வழி 1: நேர் கேபிள்

இரண்டு சர்வர், நடுவில் ஒரு கேபிள். ஜிகாபிட் போர்ட்டுகள் தாமாகவே திசையைச் சரிசெய்துகொள்ளும் என்பதால் கிராஸ்ஓவர் கேபிள் தேட வேண்டாம்; சாதாரண பேட்ச் கார்டே போதும். ஒரு முனையில் டி568ஏ, மறுமுனையில் டி568பி என்ற ஒயர் வரிசையில் கிரிம்ப் செய்ததெல்லாம் 100 மெகாபிட் காலத்துப் பழக்கம்.

இதன் பலம் எளிமை. நடுவில் மின்சாரம் தேவைப்படும் பொருள் எதுவும் இல்லை, மாற்றியமைக்க ஆள் இல்லை, ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச்சுகளில் பாக்கெட் வட்டமடிக்காமல் தடுக்கும் ஏற்பாடு) இல்லை. தாமதமும் இருப்பதிலேயே குறைவு.

பலவீனமும் அங்கேதான். ஒரு முனையில் கார்டு செத்தால் இரண்டு முனையிலும் லிங்க் விழும். இரண்டு நோடுக்கும் தெரிவது ஒன்றே: "வழி இல்லை". குற்றம் யாருடையது என்று சொல்ல நடுவில் சாட்சி கிடையாது. தலைகீழாகவும் ஏமாறலாம். அணைத்துவைத்த சர்வரின் கார்டு, நெட்வொர்க் வழியே எழுப்பும் வசதிக்காக ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் விழித்திருக்கும். பெரும்பாலும் குறைந்த வேகத்தில் லிங்க்கையும் பிடித்திருக்கும். ஆகவே விளக்கு எரிவதால் எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இன்னொரு பொறி லினக்ஸில் உள்ளது. லிங்க் விழுந்ததும் நெட்வொர்க்மேனேஜர் அந்த இடைமுகத்தின் ஐபி முகவரியையே எடுத்துவிடலாம். எதிர்நோடு ரீபூட் ஆகும் ஒவ்வொரு முறையும், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நோடு தன் முகவரியை இழக்கும். பழைய கோரோசிங்க் பதிப்புகள் இதில் ரொம்பவே குழம்பும். ரெட்ஹேட் வகை விநியோகங்களில் நெட்வொர்க்மேனேஜர்-கான்ஃபிக்-சர்வர் என்ற சிறிய தொகுப்பை நிறுவினால் போதும்; கேரியர் (லிங்க் சிக்னல்) போனதை அது பொருட்படுத்தாமல் விடச் சொல்லும்.

நேர் கேபிள் என்று முடிவெடுத்தால் இந்த நான்கும் கூடவே வரவேண்டும்:

- கேபிள் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மதர்போர்டு போர்ட்டில், மற்றது தனிக் கார்டில். ஒரே கார்டின் இரண்டு போர்ட்டில் இரண்டையும் செருகினால் கேபிளுக்குத்தான் காப்பு, கார்டுக்கு இல்லை.
- ஃபென்சிங் (சந்தேகத்துக்குரிய நோடை வலிந்து நிறுத்துவது) போகும் பாதை இந்தக் கேபிள் வழியாக இருக்கவே கூடாது. ஐபிஎம்ஐ போர்ட் (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்க உதவுவது) மேலாண்மை நெட்வொர்க்கில் இருக்கட்டும்.
- வழி அறுந்ததும் இரண்டு நோடும் ஃபென்சிங்கால் ஒன்றையொன்று சுடப் பார்க்கும். ஒரே நேரத்தில் சுட்டால் இரண்டும் விழும். ஒரு நோடைக் குறிவைக்கும் ஃபென்சிங்குக்கு மட்டும் சில விநாடி தாமதம் வையுங்கள். அந்த நோடு பிழைக்கும்.
- எந்த நோடு பிழைப்பது என்று தீர்மானிக்க மூன்றாவது ஓட்டு (வாக்கு) ஒன்று, பொது நெட்வொர்க் வழியாக. கோரோசிங்க்கின் க்யூடிவைஸ் அதற்குத்தான். சின்ன விர்ச்சுவல் மெஷின் போதும். ஆனால் அது இதே இரண்டு சர்வருக்குள் ஓடக்கூடாது.

மூன்று நோடு வரை நேர் கேபிள் வலை தாக்குப்பிடிக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு 25 ஜிகாபிட் போர்ட், நடுவே மூன்று கேபிள். அந்த வேகத்தில் ஸ்விட்ச் வாங்கும் செலவு மிச்சம். சின்ன செஃப் கிளஸ்டர்களில் இது ஓடுகிறது. நான்காவது நோடு வந்த அன்று மொத்தத்தையும் பிரித்துப் போட வேண்டும் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டால் தாராளமாகப் போடலாம்.

## வழி 2: ஒரே ஒரு தனி ஸ்விட்ச்

பழுதைப் பிரித்தறிவது இங்கே எளிதாகிறது. எதிர்நோடு செத்தாலும் என் போர்ட்டில் லிங்க் இருக்கும். என் லிங்க் விழுந்தால் பிரச்சினை என் பக்கம். நோடு கூட்டுவது ஒரு கேபிள் வேலை.

ஆனால் எல்லா முட்டையும் ஒரே கூடையில். ஸ்விட்ச்சின் பவர் சப்ளை போனால் எல்லா நோடும் ஒரே நொடியில் ஒன்றையொன்று இழக்கும். யாருக்கும் குவோரம் (பெரும்பான்மை வாக்கு) இருக்காது, சேவை முழுவதும் நிற்கும். மலிவான ஸ்விட்ச்சில் பவர் சப்ளை ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் ரேக்கின் ஏ பக்க மின்சாரத்தில்தான் செருகப்பட்டிருக்கும். சர்வர்களுக்கு இரட்டை மின்வழி வாங்கிவிட்டு அவற்றின் உயிர்நாடியை ஒற்றை ஒயரில் தொங்கவிடுவது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பது ஆச்சரியம். ஸ்விட்ச்சின் ஃபர்ம்வேர் புதுப்பிப்பும் மொத்த கிளஸ்டரின் நிறுத்தமாக முடியும்.

மேலாண்மை வசதியற்ற ஸ்விட்ச் வேண்டாம். சிஆர்சி பிழை (வழியில் கெட்டுப்போன பாக்கெட்) எண்ணிக்கையை எட்டிப்பார்க்க முடியாத இடத்தில், கெட்ட கேபிளைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

இது சரியாக வரும் இடம்: மூன்று நோடும் அதற்கு மேலும், கூடவே பொது நெட்வொர்க்கில் இரண்டாவது ஹார்ட்பீட் வழி. தனி ஸ்விட்ச் செத்தாலும் உறுப்பினர் பட்டியல் கலையாது. தரவுப் பரிமாற்றம் மட்டும் தடுமாறும்.

## வழி 3: இரண்டு தனி ஸ்விட்ச்

உற்பத்திச் சூழலில் ஆர்ஏசி, நான்கு நோடு, அதற்கு மேல் என்றால் இதுதான். அத்தனை பேரும் ஒப்புக்கொள்வார்கள். தவறு நடப்பது வாங்குவதில் அல்ல, இணைப்பதில்.

இணைக்க இரண்டு முறை. முதலாவது பாண்டிங்: இரண்டு போர்ட்டையும் ஒன்றாகக் கட்டி, ஒன்று வேலை செய்ய, மற்றது காத்திருக்கும். இரண்டாவது, கட்டாமலேயே இரண்டு தனித்தனி சப்நெட் (ஐபி முகவரித் தொகுதி): ஸ்விட்ச் ஏ-க்கு ஒன்று, பி-க்கு ஒன்று. கோரோசிங்க்கில் 8 லிங்க் வரை கொடுக்கலாம். ஆரக்கிளில் எச்ஏஐபி (HAIP) என்ற தனிவழிக் காப்பு வசதி 169.254 முகவரிகளை எடுத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் 4 இடைமுகம் வரை பயன்படுத்தும்.

பாண்டிங் முறையில் ஒரு குழி இருக்கிறது, கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியது. ஸ்விட்ச் ஏ, ஸ்விட்ச் பி. இரண்டுக்கும் நடுவே கேபிள் போட யாரும் நினைக்கவில்லை. எல்லா நோடும் ஏ வழியாகப் பேசுகின்றன, எல்லாம் நலம். ஒருநாள் நோடு 1-இன் ஏ பக்கக் கேபிள் தளர்கிறது. பாண்டிங் தன் கடமையைச் செய்து பி-க்கு மாறுகிறது. நோடு 2-க்கோ ஏ பக்க லிங்க் நன்றாகவே இருக்கிறது; அது ஏன் மாற வேண்டும்? நோடு 1 அனுப்பும் பாக்கெட் பி-க்குள் போய் நிற்கிறது, நோடு 2 ஏ-யில் காத்திருக்கிறது. இரு சர்வரிலும் பாண்டிங் நிலை "நலம்" என்கிறது. ஸ்விட்ச்சுகளில் பச்சை விளக்கு. கிளஸ்டர் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. தன் கண்ணுக்கு எதிரே உள்ள லிங்க்கை மட்டும் பார்க்கும் கண்காணிப்புக்கு இது தெரியவே தெரியாது.

ஆகவே பாண்டிங் என்றால் ஸ்விட்ச்சுகளுக்கு நடுவே இணைப்பு கட்டாயம், அதுவும் இரண்டு கேபிள். தனி சப்நெட் முறையில் அந்த இணைப்பு தேவையில்லை. ஒவ்வொரு வழியையும் கிளஸ்டர் மென்பொருளே முனைக்கு முனை சோதிக்கிறது. மென்பொருள் இதை ஆதரித்தால் தனி சப்நெட்டே மேல். பழுது வந்தால் எந்த வழி என்று பெயர் சொல்லித் தெரிவிக்கும். ஒன்று மட்டும் கவனம்: இரண்டு தனிவழி இடைமுகத்தையும் ஒரே சப்நெட்டில் வைத்தால் லினக்ஸின் ஏஆர்பி பதில்கள் ("இந்த ஐபி யாருடையது" என்பதற்கான பதில்) தவறான கார்டிலிருந்து போகும், ஆர்பி-ஃபில்டர் என்ற லினக்ஸ் வடிகட்டி பாக்கெட்டை விழுங்கும். சப்நெட்டைப் பிரித்துவிடுங்கள். தனிவழிக்கு டீஃபால்ட் கேட்வே கொடுக்காதீர்கள்.

எல்ஏசிபி (இரண்டு லிங்க்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி கட்டும் முறை) போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. ஒரே டிசிபி இணைப்பு எப்போதும் ஒரே கம்பியில்தான் போகும். இரண்டு நோடுக்கு நடுவே ஒற்றை நகலெடுப்பு ஓடும் டிஆர்பிடியில் இரட்டிப்பு கிடைக்காது. ஸ்விட்ச்சுகளை ஸ்டாக் செய்தால் (ஒரே ஸ்விட்ச்போல இயங்கும்படி பிணைத்தால்) எல்ஏசிபி இரண்டிலும் பரவும். ஆனால் பல ஸ்டாக்குகளில் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இரண்டையும் ஒன்றாக ரீலோட் செய்யும். காப்புக்கு வாங்கிய இரண்டாவது பெட்டி அந்த நேரத்தில் காப்பாக இல்லை.

## வழி 4: இருக்கிற ஸ்விட்ச்சில் விலேன்

செலவு பூஜ்யம் போலத் தோன்றும். விலேன் முகவரியைப் பிரிக்கும், அகலத்தைப் பிரிக்காது. ராத்திரி பேக்கப் தொடங்கி ஸ்விட்ச்சுகளுக்கு இடையேயான இணைப்பை நிரப்பினால், உங்கள் ஹார்ட்பீட்டும் அதே வரிசையில்தான் நிற்கும்.

ஸ்பானிங் ட்ரீ இன்னொன்று. சர்வர் போர்ட்டை எட்ஜ் போர்ட்டாக (அதற்கு அப்பால் வேறு ஸ்விட்ச் இல்லாத போர்ட்) குறிக்காவிட்டால், லிங்க் வந்த பிறகும் 15 + 15 = 30 விநாடி பாக்கெட் போகாது. ஆரக்கிளில் ஹார்ட்பீட் இழப்புக்கு லினக்ஸில் உள்ள இயல்பான கெடுவும் 30 விநாடிதான். கேபிளைக் கழற்றி உடனே மாட்டினால்கூட நோடு வெளியேற்றப்படும் காரணம் பலமுறை இதுவே.

மூன்றாவது மல்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கும் சேர்த்து அனுப்புவது). ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி ஸ்நூப்பிங் (மல்டிகாஸ்ட்டைக் கேட்ட போர்ட்டுகளுக்கு மட்டும் அனுப்பும் வசதி) இயங்கி, யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது கேள்வி கேட்கும் குவெரியர் எதுவும் இல்லையென்றால், கிளஸ்டர் சில நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு சட்டென்று உதிரும். பழைய மல்டிகாஸ்ட் கோரோசிங்க் அமைப்புகளில் நோயின் அடையாளமே அந்தச் "சில நிமிடம்"தான். கோரோசிங்க்கின் புதிய கேநெட் (knet) முறை யூனிகாஸ்ட் (ஒருவருக்கு மட்டும் அனுப்புவது) என்பதால் தப்பிக்கும். ஆர்ஏசிக்கு மல்டிகாஸ்ட் இன்னும் வேண்டும்.

பிறகு மனிதக் கை. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் ட்ரங்க்கின் (பல விலேனைச் சுமக்கும் இணைப்பு) அனுமதிப் பட்டியலில் புது விலேன் சேர்க்கும்போது "ஆட்" என்ற ஒரு சொல்லை விட்டால், பழைய பட்டியல் முழுவதும் போய்ப் புதிய எண் மட்டும் மிஞ்சும். உங்கள் விலேனும் போன பட்டியலில் இருக்கும்.

இரண்டாவது வழியாக மட்டும் இது அருமை. நேர் கேபிளோ தனி ஸ்விட்ச்சோ முதல் வழி, விலேன் காப்பு வழி. சோதனைக் கிளஸ்டருக்கும், பின்புறத்தில் தனிப் போர்ட்டே இல்லாத பிளேடு சேஸிகளுக்கும் (பல சர்வர் செருகும் பெட்டி) முதல் வழியாகவே வைக்கலாம்.

## பக்கத்தில் பக்கமாக

| | நேர் கேபிள் | ஒரு ஸ்விட்ச் | இரண்டு ஸ்விட்ச் | விலேன் |
|---|---|---|---|---|
| நோடு | 2, கஷ்டப்பட்டு 3 | 3 முதல் | 3 முதல் | எத்தனையும் |
| பழுதைப் பிரித்தறிதல் | மோசம் | நன்று | மிக நன்று | நன்று, ஆனால் காரணம் வெளியே |
| ஒற்றைப் பழுதில் மொத்தமும் விழுமா | 2 கேபிள், 2 கார்டு இருந்தால் விழாது | விழும் | சரியாக இணைத்தால் விழாது | அமைப்பைப் பொறுத்தது |
| ஆரக்கிள் ஆர்ஏசி | ஆதரவில்லை | சரி | சரி | கவனத்தோடு |
| கேபிள் (4 நோடு, உதிரி 2 உட்பட) | 8, காப்பு வழி இல்லாமல் | 6 | 10. பாண்டிங் என்றால் 12 | 6, ஒற்றை வழிக்கு |
| மறைந்திருக்கும் செலவு | ஃபென்சிங், மூன்றாம் ஓட்டு | மின்வழி, மாற்று ஸ்விட்ச் | ரேக் இடம், நடு இணைப்பு | பிறர் செய்யும் மாற்றங்கள் |

## கம்பி எது: காப்பர், டேக், ஃபைபர்

ஒரே ரேக், 1 ஜிகாபிட் என்றால் யோசிக்கவே வேண்டாம், கேட்5இ அல்லது கேட்6 பேட்ச் கார்டு. தொழிற்சாலையில் முனை பொருத்தியதாக வாங்குங்கள். கையால் கிரிம்ப் செய்தால் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்கக்கூடாது. அந்த ஒழுக்கம் எல்லாக் கையிலும் இருப்பதில்லை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளைத் தொடாதீர்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனால் லிங்க் சாகாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். ஹார்ட்பீட் ஓடும், தரவு நத்தையாகும், ஒருவாரம் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

10 ஜிகாபிட்டில்தான் உண்மையான தேர்வு. ஆர்ஜே45 வழியில் கேட்6 என்றால் 55 மீட்டர் வரை, கேட்6ஏ என்றால் 100 மீட்டர். ஆனால் ஆர்ஜே45 போர்ட்டின் சிப் சூடாகும். ஒவ்வொரு போர்ட்டும் சில வாட் தின்னும், ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு மைக்ரோவிநாடிக்கு மேல் தாமதம் கூட்டும். எஸ்எஃப்பி+ போர்ட்டில் செருகும் டேக் கேபிளில் (DAC, இரு முனையிலும் செருகி பொருத்தியே வரும் செம்புக் கேபிள்) மின்செலவு 1 வாட்டுக்குக் கீழே, தாமதம் அரை மைக்ரோவிநாடிகூட இல்லை. ஒரே ரேக்குக்குள் டேக்கை மிஞ்ச எதுவும் இல்லை. அதன் குறைகளும் நேரடியானவை: மின்சுற்று இல்லாத வகை 7 மீட்டரோடு சரி, 25 ஜிகாபிட்டில் பிழைதிருத்தத்தோடு 5 மீட்டர், அது இல்லாமல் 3. பிழைதிருத்த முறை இரு முனையிலும் ஒன்றாக இல்லாவிட்டால் 25 ஜிகாபிட் லிங்க் எழவே எழாது. கேபிளைக் குறைசொல்லி மாற்றுவதற்கு முன் அந்த அமைப்பைப் பாருங்கள். சில ஸ்விட்ச்சுகள் தங்கள் நிறுவனக் குறியீடு இல்லாத டேக்கை ஏற்காது, ஆகவே இரு முனைக்கும் ஏற்ற குறியீட்டோடு ஆர்டர் செய்ய வேண்டும். விறைப்பான கேபிள் என்பதால் தண்டவாளத்தில் சர்வரை வெளியே இழுக்கும்போது போர்ட்டையே நெம்பிவிடும்.

ரேக் விட்டு ரேக் போனால் ஃபைபர். ஓஎம்3 வகை இழையில் 10 ஜிகாபிட் 300 மீட்டர் போகும், 25 ஜிகாபிட் 70 மீட்டர். தூரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: இரண்டு ரேக் இரண்டு மின்வழியில் இருந்தால், செம்பு அவற்றின் எர்த்தைப் பிணைக்கும், கண்ணாடி பிணைக்காது. செருகும் முன் முனையைத் துடைக்கும் பேனாவையும் சேர்த்து வாங்குங்கள். புதுக் கேபிளின் முனையும் அழுக்காக வரும்.

## போட்ட பிறகு

வழி ஏ சிவப்பு, வழி பி நீலம் என்று நிறத்தாலேயே பிரியுங்கள். சர்வர், போர்ட், எதிர்முனை மூன்றும் எழுதிய லேபிள் இரண்டு முனையிலும் இருக்கட்டும். கேட்6ஏ கேபிளை அதன் விட்டத்தின் நான்கு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் மடக்க வேண்டாம். ஏறத்தாழ 3 செ.மீ. என்று கையளவு வைத்துக்கொள்ளலாம்.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 9000 வைத்தால் வழியில் உள்ள எல்லாப் போர்ட்டிலும் வையுங்கள். ஒன்று விட்டுப்போனால் சின்ன ஹார்ட்பீட் கடக்கும், பெரிய தரவு விழும். கிளஸ்டர் சேர்ந்துவிட்டு, வேலை தொடங்கியதும் உறையும். பிங்கில் துண்டாக்காதே என்ற கொடியோடு 8972 பைட் அனுப்பினால் உடனே தெரியும். மிச்ச 28 பைட் தலைப்புகளுக்கு. 1500-இலேயே விட்டால் ஆர்ஏசியின் 8 கிலோபைட் பிளாக் ஒவ்வொன்றும் 6 துண்டாகப் போகும். ஒரு துண்டு தொலைந்தாலும் ஆறும் வீண்.

கடைசிச் சோதனையைச் சேவை தொடங்கும் முன்பே, ஐபெர்ஃப் (நெட்வொர்க் வேகம் அளக்கும் கருவி) பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யுங்கள். நோடு 1-இல் ஏ கேபிளை மட்டும் பிடுங்குங்கள், நோடு 2-ஐத் தொடாதீர்கள். மேலே சொன்ன பாண்டிங் குழி இருந்தால் இங்கேயே வெளிப்படும். மாட்டிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். அடுத்து ஸ்விட்ச் ஏ-யின் மின்சாரத்தை நிறுத்துங்கள், திரும்பக் கொடுங்கள். பழைய வழி திரும்பும்போதுதான் ஸ்பானிங் ட்ரீ கோளாறு முகம் காட்டும். பிறகு இரண்டு வழியையும் ஒன்றாக அறுங்கள்: ஒரு நோடு மட்டும் பிழைக்க வேண்டும், எது என்று நீங்கள் முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். முடிந்ததும் ஒவ்வொரு போர்ட்டிலும் சிஆர்சி எண்ணைப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து நகர்ந்திருந்தால் அந்தக் கேபிளைத் துடைத்துச் சுருட்டி அலமாரியில் வைக்காதீர்கள், வெட்டிப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த அவசரத்தில் வேறொருவர் அதையே எடுத்துச் செருகுவார்.